ஓமர் எண்ணிக்கை: ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரை நாளெண்ணி ஜெபிப்பது எப்படி?

வாசகர் கேள்வி–பதில்

பஸ்காவுக்கும், ஐம்பதாம் நாளில் (பெந்தெகொஸ்தே) வரும் வாரங்களின் பண்டிகைக்கும் நடுவில் யூதர்கள் ஒவ்வொரு நாளையும் வாய்விட்டு எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையைக் கிறிஸ்தவர்கள் ஜெப ஒழுங்காக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஓமர் என்பது அளவா, கதிர்க்கட்டா, பண்டிகையின் பெயரா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

பதில்: முதலில் அது ஓர் அளவு. வனாந்தரத்தில் மன்னாவை ஆளுக்கு ஒரு ஓமர் என்று அளந்து சேர்த்தார்கள். யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் அதை எப்பாவில் பத்தில் ஒரு பங்கு என்கிறது. எப்பாவைச் சுமார் 22 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓமர் 2 லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஒரு மனிதனின் ஒரு நாள் ஆகாரம். லேவியராகமம் 23:10-இல் அறுப்பின் முதற்பலனாக ஆசாரியனிடம் கொண்டுபோகச் சொல்லும் பொருளுக்கும் எபிரெயத்தில் இதே சொல்தான். அந்த இடத்தில் நம் வேதாகமம் ‘கதிர்க்கட்டு’ என்று மொழிபெயர்த்திருக்கிறது.

ஆலயம் இருந்த காலத்தில் இது எப்படி நடந்தது என்பதை யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா துல்லியமாகச் சொல்கிறது. பண்டிகையின் முதல் நாள் முடிந்து இருட்டியதும், வாற்கோதுமை வயலில் மூன்று பேர், மூன்று அரிவாள், மூன்று கூடை. அறுக்கிறவர் சுற்றி நிற்கிறவர்களைக் கேட்பார்: “சூரியன் அஸ்தமித்ததா?” “ஆம்.” “இந்த அரிவாளாலா?” “ஆம்.” “இந்தக் கூடையிலா?” “ஆம்.” ஒவ்வொரு கேள்வியும் மும்முறை, பதிலும் மும்முறை. பிறகு கதிரை அடித்து, தீயில் வாட்டி, முற்றத்தில் பரப்பிக் காற்றாட விட்டு, திரித்து, பதின்மூன்று சல்லடைகளில் சலிப்பார்கள். ஒரு முழு எப்பா தானியத்திலிருந்து எடுத்த மாவில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே பலிபீடத்துக்குப் போகும்.

கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தபோது இந்தக் காணிக்கை நின்றுபோனது. எண்ணிக்கை நிற்கவில்லை. கதிர் அசைவாட்டும் நாளிலிருந்து ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாம் நாளில் புதிய போஜனபலி செலுத்த வேண்டும் என்பது லேவியராகமம் 23:15, 16-இல் உள்ள கட்டளை. ஐம்பதாம் நாளில் கொண்டுபோக வேண்டியவை புளித்த மாவில் சுட்ட இரண்டு அப்பங்கள். வாற்கோதுமையில் தொடங்குகிற காலம் கோதுமை அப்பத்தில் முடிகிறது.

கேள்வி: இதைக் கிறிஸ்தவர்கள் செய்வது நியாயப்பிரமாணத்துக்குத் திரும்புவது ஆகாதா?

பதில்: கட்டாயம் என்று நினைத்துச் செய்தால் ஆகும். நாட்களைக் கைக்கொள்வது குறித்துப் பவுல் கலாத்தியருக்கும் கொலோசெயருக்கும் எழுதியதை மறந்துவிடக்கூடாது. எண்ணாத சகோதரனைக் குறைவாக நினைக்கத் தோன்றிய நாளிலேயே இதை நிறுத்திவிடுவது நல்லது.

எண்ணுவதற்கான காரணமும் அதே பவுலிடம் இருக்கிறது. 1 கொரிந்தியர் 15:20-இல் கிறிஸ்து நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார் என்கிறார். பஸ்கா வாரத்தின் வயலில் அறுத்த முதல் கட்டைத் தெரியாதவருக்கு இந்த வார்த்தை வெறும் உவமை. தெரிந்தவருக்கோ அது ஒரு தேதி. முதல் கட்டு வந்துவிட்டது என்றால் மீதி வயலும் விளைந்து நிற்கிறது என்று பொருள். உயிர்த்தெழுதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறவர் அந்த மீதி அறுப்புக்காகத்தான் எண்ணுகிறார்.

ஆதித்திருச்சபைக்கும் இது அந்நியமாக இருந்ததில்லை. ஈஸ்டர் தொடங்கி ஐம்பது நாட்களையும் அவர்கள் ஒரே பண்டிகையாகக் கொண்டாடினார்கள். 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் ஆண்டுதோறும் அனுப்பிய பண்டிகை மடல்களில், ஈஸ்டரோடு ஏழு வாரங்களைக் கூட்டிப் பெந்தெகொஸ்தேயை ஆசரிக்கச் சொல்கிறார். நாம் புதிதாக ஒன்றையும் நுழைக்கவில்லை. மறந்துபோன ஒரு பழக்கத்தைத் தூசி தட்டி எடுக்கிறோம்.

கேள்வி: எந்த நாளில் எண்ணத் தொடங்குவது? யூத நாட்காட்டிப்படி ஒரு தேதி, ஈஸ்டர்படி வேறு தேதி வருகிறது.

பதில்: அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

லேவியராகமம் “ஓய்வுநாளின் மறுநாள்” தொடங்கி எண்ணச் சொல்கிறது. எந்த ஓய்வுநாள்? பஸ்காப் பண்டிகையின் முதல் நாளே இங்கே ஓய்வுநாள் என்று பரிசேயர்களும் அவர்கள் வழிவந்த ரபீக்களும் கொண்டார்கள். அவர்களுடைய எண்ணிக்கை, பஸ்கா வரும் யூத மாதமான நிசானில், 16-ஆம் தேதி தொடங்கும், கிழமை ஆண்டுக்கு ஆண்டு மாறும். போயத்தூசியர் என்ற பிரிவினரோ வாரத்தின் சனிக்கிழமையே ஓய்வுநாள், எனவே எண்ணிக்கை ஞாயிறன்றுதான் தொடங்க வேண்டும் என்று வாதிட்டார்கள். ரபீக்களின் மரபை ஏற்காத கராயீத்தர்கள் என்ற யூதப் பிரிவினர் இன்றும் ஞாயிறிலிருந்தே எண்ணுகிறார்கள். வயலில் மும்முறை கேட்டு மும்முறை பதில் வாங்கியதற்கும் இந்தத் தகராறே காரணம் என்று மிஷ்னா சொல்கிறது. எந்த இரவில் அறுக்கிறோம் என்பதை ஊரறியச் செய்தார்கள்.

ரபீக்களின் கணக்கு எளிது. நிசானில் மீதி 15 நாள், ஐயார் மாதம் 29 நாள், சீவானில் 5 நாள்: மொத்தம் 49. சீவான் 6 பண்டிகை.

நாம் ஈஸ்டர் ஞாயிறை முதல் நாளாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அப்படி வைத்தால் ஞாயிற்றுக்கிழமைகள் 1, 8, 15, 22, 29, 36, 43 என்று விழும். 40-ஆம் நாள் வியாழன், பரமேறுதல். 49-ஆம் நாள் சனி. மறுநாள் பெந்தெகொஸ்தே. எதையும் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

யூதத் தேதியில் தொடங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2026-இல் அதிகச் சிக்கல் இல்லை: அவர்கள் எண்ணிக்கை ஏப்ரல் 2 மாலை தொடங்குகிறது, ஈஸ்டர் ஏப்ரல் 5. ஆனால் 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, யூத எண்ணிக்கையோ ஏப்ரல் 22 மாலைதான் தொடங்குகிறது. அந்த யூத ஆண்டில் ஆதார் மாதம் இரண்டு முறை வருவதால் பஸ்கா ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போகிறது. அந்தத் தேதியில் எண்ணத் தொடங்குகிறவர், மே 16 பெந்தெகொஸ்தே ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போது 24-ஆம் நாளில்தான் இருப்பார். சபை ஆவியானவரின் வருகையைப் பாடிக்கொண்டிருக்கும், அவர் கையிலுள்ள தாளில் இன்னும் பாதி மிச்சமிருக்கும். பெரும்பாலும் எண்ணிக்கை அன்றோடு நின்றுவிடும்.

கீழைத் திருச்சபைகளின் ஈஸ்டர் வேறு தேதியில் வந்தால், அந்தச் சபையார் தங்கள் ஈஸ்டரிலிருந்தே எண்ணட்டும். எந்தச் சபையில் பெந்தெகொஸ்தே கொண்டாடுகிறீர்களோ அதன் ஈஸ்டரே உங்கள் முதல் நாள்.

கேள்வி: எண்ணுவது காலையிலா, மாலையிலா? என்ன சொல்ல வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: யூத வழக்கில் நாள் சாயங்காலத்தில் பிறக்கிறது. நட்சத்திரம் தெரியும் நேரத்தில் நின்றுகொண்டு எண்ணுகிறார்கள். இரவில் சொன்ன எண் அந்த இரவுக்கும் மறுநாள் பகலுக்கும் சேர்த்துத்தான். கிறிஸ்தவ வழிபாட்டிலும் ஞாயிறு சனி மாலையிலேயே தொடங்குவதால், ஈஸ்டருக்கு முந்தின சனி இருட்டியபின் “இன்று முதல் நாள்” என்று தொடங்கலாம். காலை ஜெபம் பழகியவர்கள் ஈஸ்டர் காலையில் தொடங்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை மாற்றாதீர்கள். பத்து நாள் மாலையில் எண்ணிவிட்டு இடையில் காலைக்கு மாறுகிறவர், முந்தின இரவே சொன்ன எண்ணை மறுபடி சொல்வார், அல்லது ஒன்றைத் தாண்டிவிடுவார். ‘எங்கேயோ ஒரு நாள் உதைக்கிறது’ என்று சொல்பவர்களில் அநேகருக்குக் காரணம் இதுதான்.

ஜெப முறை ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. எழுந்து நில்லுங்கள். ஒரு நிமிடம் மௌனம். பிறகு ஒரே வாக்கியத்தில் நன்றி: “பிதாவே, உம்முடைய குமாரனை முதற்பலனாக எழுப்பினீர், உமக்கு ஸ்தோத்திரம், எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குத் தாரும்.” பின்பாதி சங்கீதம் 90:12-இன் விண்ணப்பம்.

அடுத்தது எண். நாளையும் வாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: “இன்று பன்னிரண்டாம் நாள், ஒரு வாரமும் ஐந்து நாளும் ஆயிற்று.” ஏழின் மடங்கு வரும் நாளில், “இன்று பதினான்காம் நாள். இரண்டு வாரம் ஆயிற்று.” நாளை மட்டும் சொல்லி வாரத்தை விட்டுவிடாதீர்கள். வேதத்தில் இரண்டு கட்டளையும் இருக்கிறது: ஐம்பது நாள் எண்ணச் சொல்கிறது, ஏழு வாரமும் எண்ணச் சொல்கிறது. நடைமுறைப் பயனும் உண்டு. வாரக் கணக்கு கிழமையோடு ஒத்துப்போவதால் தவறு உடனே பிடிபடும். ஈஸ்டர் ஞாயிறு முதல் நாள் என்பதால், “முழு வாரம் ஆயிற்று” என்று வருவது எப்போதும் சனிக்கிழமைக்குரிய எண்ணாகத்தான் இருக்கும். வேறு கிழமையில் வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது.

எண் சொன்னதும் 67-ஆம் சங்கீதம். இது யூதர்களும் இந்தக் காலத்தில் சொல்வதுதான். தலைப்பை விட்டுவிட்டால் ஏழு வசனம், எபிரெயத்தில் சரியாக 49 சொற்கள். பூமி தன் பலனைத் தரும் என்று சொல்லி, பூமியின் எல்லைகளெல்லாம் தேவனுக்குப் பயந்திருக்கும் என்று முடிகிற அறுப்புச் சங்கீதம். அறுப்பிலிருந்து பெந்தெகொஸ்தேக்குப் போகிற வழி முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. பிறகு அன்றைய வாசிப்பு, கர்த்தருடைய ஜெபம். அவ்வளவுதான். இதற்கு மேல் பாட்டு, சாட்சி, பரிந்துரை ஜெபம் என்று கூட்டிக்கொண்டே போனால் மூன்றாம் வாரத்தில் களைத்துப்போவீர்கள்.

கேள்வி: யூதர்கள் எண்ணுவதற்கு முன் சொல்லும் ஆசீர்வாத ஜெபத்தை அப்படியே சொல்லலாமா? வாரத்துக்கு ஒரு குணம் என்று ஒரு பட்டியலும் கிடைத்தது. அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஆசீர்வாத ஜெபத்தைச் சொல்ல வேண்டாம். “தமது கட்டளைகளால் எங்களைப் பரிசுத்தப்படுத்தி, ஓமரை எண்ண எங்களுக்குக் கட்டளையிட்டவர்” என்று அது தேவனைத் துதிக்கிறது. அந்தக் கட்டளையின் கீழ் நிற்கிறவர்கள் யூதர்கள். அது நம்மைக் கட்டுகிறது என்று நாம் நம்பாதபோது, ஜெபத்தில் அப்படிச் சொல்வது உண்மையாக இராது. அவர்களுக்கு விலையேறப்பெற்ற வார்த்தையை நாம் உடை மாதிரி மாட்டிப் பார்ப்பதும் தகாது.

நீங்கள் சொல்லும் பட்டியல் கபாலா என்ற யூத மறைஞான மரபிலிருந்து வருவது. கெசெத், கெவுரா, திஃபெரெத், நெட்சாக், ஹோத், யெசோத், மல்கூத் என்ற ஏழையும் வாரத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று ஏழுக்கு ஏழாக அடுக்குவார்கள். கெசெத் என்றால் கிருபை, கெவுரா என்றால் வல்லமை என்று தமிழில் சொன்னதும் ஆவியின் கனிகள் போலத் தோன்றும். ஆனால் அது தேவன் தம்மை வெளிப்படுத்தும் நிலைகள் பற்றிய ஆழமான ஒரு போதனையின் பகுதி. வேரை விட்டுவிட்டு இலையை மட்டும் கிள்ளினால், எஞ்சுவது ‘இன்று நான் என்ன குணத்தை வளர்த்துக்கொள்ளலாம்’ என்ற சுயமுன்னேற்றப் பயிற்சி. எண்ணிக்கையின் பார்வை நம்மீது திரும்பிவிடும், வயல் மறந்துவிடும்.

கேள்வி: ஒரு நாள் எண்ண மறந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். யூத நெறி இதில் மிக நிதானமானது. இரவில் மறந்தவர் மறுநாள் பகலில் ஆசீர்வாதம் இல்லாமல் எண்ணிவிட்டு, அன்றிரவு வழக்கம்போல் ஆசீர்வாதத்தோடு தொடரலாம். ஒரு முழு நாளும் தவறிவிட்டால், மீதி நாட்களை ஆசீர்வாதம் இல்லாமல் எண்ணிக்கொண்டே போகலாம். காரணம் ஒரு பழைய கருத்து வேறுபாடு. நாற்பத்தொன்பது நாளும் சேர்ந்து ஒரே கட்டளையா, ஒவ்வொரு நாளும் தனிக் கட்டளையா? இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுத்து இந்த வழியை வகுத்தார்கள். இருபக்கத்தாரும் எண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாமும் அப்படியே செய்யலாம். தவறிய நாளைத் தவறியதாகவே விட்டுவிட்டு, இன்றைய எண்ணைச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்குச் சேர்த்து எண்ணுவது, தவறிய வாசிப்பையெல்லாம் ஒரே மூச்சில் முடிப்பது வேண்டாம். தவறிப்போகும் நாட்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரங்களில்தான் வரும். ஈஸ்டரின் சந்தோஷம் ஆறியிருக்கும், பெந்தெகொஸ்தே இன்னும் கண்ணுக்கெட்டாது. மன்னாவும் நாளுக்கு ஒரு ஓமர்தான். மறுநாளுக்கு என்று மீத்து வைத்தது பூச்சி பிடித்தது.

யூத வீடுகளில் இன்னொரு அழகான கவனம் உண்டு. இருட்டியபின், தான் இன்னும் எண்ணாத நிலையில், “இன்று எத்தனையாம் நாள்?” என்று யாராவது கேட்டால் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். “நேற்று இத்தனையாம் நாள்” என்பார்கள். வாய்தவறி எண்ணைச் சொன்னால் அதுவே எண்ணியதாகிவிடும், ஆசீர்வாதத்தோடு எண்ணும் வாய்ப்புப் போய்விடும் என்ற அச்சம். ஓர் எண்ணை உச்சரிப்பதற்கு அவ்வளவு கனம்!

கேள்வி: இந்த நாட்களில் யூதர்கள் துக்கம் காக்கிறார்களாம். நாமும் உபவாசமிருக்க வேண்டுமா?

பதில்: நமக்கு இது உபவாச காலம் அல்ல. 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் 20-ஆம் விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே நாட்களிலும் (இந்த ஐம்பது நாட்களிலும்) முழங்காலிடாமல் நின்றே ஜெபிக்க வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே ஆதித்திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரை உபவாசமும் முழங்காலிடுதலும் இல்லை என்று எழுதியிருக்கிறார். எண்ணும்போது நிற்கச் சொன்னோமே, அது யூத வழக்கு மட்டுமல்ல, நம் பழைய வழக்கும்தான்.

யூதர்களின் துக்கத்துக்குக் காரணம் தெரிந்துகொள்ள வேண்டியது. பழங்கால யூத போதகர் ரபி அகிபாவின் 12,000 ஜோடி சீடர்கள் பஸ்காவுக்கும் வாரங்களின் பண்டிகைக்கும் இடையில் மாண்டார்கள் என்கிறது ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூத். அதனால் இந்த நாட்களில் திருமணம் வைப்பதில்லை, முடி வெட்டுவதில்லை. 33-ஆம் நாளில், அதாவது ஐயார் 18-இல், துக்கத்துக்கு இடைவெளி விடுவார்கள். இன்னொரு காரணமும் இந்தத் துக்கத்தோடு சேர்ந்தது. 1096 மே மாதத்தில், முதலாம் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரையிலுள்ள ஸ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களைக் கொன்றார்கள். எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. கொன்றவர்கள் உடையில் சிலுவை இருந்தது.

ஆகவே, இந்த எண்ணிக்கையைக் கையிலெடுக்கிற கிறிஸ்தவர் அதை ‘யூதர்கள் விட்டதை நாம் நிறைவேற்றுகிறோம்’ என்ற தொனியில் ஒருபோதும் பேசக்கூடாது. அவர்கள் எதையும் விடவில்லை. நாம்தான் அவர்களை எண்ண விடாமல் செய்தோம். உபவாசம் வேண்டாம். 33-ஆம் நாளில் அந்த மூன்று நகரங்களின் பெயரைச் சொல்லி, மன்னிப்புக்காக ஒரு ஜெபம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் கணக்கில் அது எப்போதும் வியாழக்கிழமை வரும்.

கேள்வி: 49 நாளுக்கும் வாசிப்பு ஒழுங்கு தர முடியுமா?

பதில்: நாளுக்கு ஓர் அதிகாரம் என்று இப்படிப் பிரிக்கலாம். 1 முதல் 9 வரை யாத்திராகமம் 12–20: பஸ்கா இரவிலிருந்து சீனாய் மலைவரை. 10 முதல் 30 வரை யோவான் சுவிசேஷத்தின் 21 அதிகாரங்களும். 29-ஆம் நாள் ஞாயிறு, அன்று 20-ஆம் அதிகாரம் வந்துவிடும். 31 முதல் 34 வரை ரூத். 35 முதல் 39 வரை யோவானின் முதலாம் நிருபம். 40-ஆம் நாள் அப்போஸ்தலர் 1. கடைசி ஒன்பது நாளுக்கு யோவேல் 2, எசேக்கியேல் 36, 37, யோவான் 14, 15, 16 மறுபடியும், ரோமர் 8, 1 கொரிந்தியர் 12, கலாத்தியர் 5. பரமேறுதலுக்கு மறுநாள் தொடங்கி பெந்தெகொஸ்தேக்கு முந்தின நாள்வரை சீஷர்கள் மேலறையில் காத்திருந்த நாட்கள் இவை.

ரூத்தை விட்டுவிடாதீர்கள். யூதர்கள் வாரங்களின் பண்டிகையில் வாசிக்கும் புத்தகம் அது. வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் பெத்லகேமுக்கு வருகிறாள், கோதுமை அறுப்பு முடியும்வரை பொறுக்குகிறாள். கதை நடக்கும் காலமே நம் எண்ணிக்கையின் காலம். 32-ஆம் நாளில் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கும்போது 17-ஆம் வசனத்தில் நில்லுங்கள். ஒரு நாள் பொறுக்கியதை அவள் தட்டி அடித்தபோது ஏறக்குறைய ஒரு எப்பா இருந்தது. ஓமர் கணக்கில் பத்து நாள் ஆகாரம், ஓர் அந்நிய விதவையின் முந்தானையில்.

கேள்வி: பிள்ளைகளோடு எண்ண ஏதாவது வழி?

பதில்: 49 தானியமணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு, நாளுக்கு ஒன்றாக அடுத்த கிண்ணத்துக்கு மாற்றுங்கள். ஆனால் கிண்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே நாளில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொன்று மாற்றிவிடுவார்கள், கணக்குக் குலையும். ஏழுக்கு ஏழு கட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் தேதியை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஒரு வரிசை ஒரு வாரம். எண்ணை முதலில் வாயால் சொன்ன பிறகே மணியை எடுக்க வேண்டும்.

கேள்வி: ஐம்பதாம் நாளில் “இன்று ஐம்பதாம் நாள்” என்று சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்ல வேண்டாம். யூதர்களும் 49-ஓடு எண்ணுவதை முடித்துவிடுகிறார்கள். அடுத்த நாள் பண்டிகை, அதற்கு எண் இல்லை. வாரங்கள் ‘நிறைவாக’ இருக்க வேண்டும் என்ற வேத வார்த்தையைக் காக்க, பண்டிகையின் மாலை ஜெபத்தைக்கூட நன்றாக இருட்டும்வரை தொடங்காமல் காத்திருப்பது அவர்களிடையே பரவலான வழக்கம். நாற்பத்தொன்பதாம் நாளின் கடைசி நிமிடத்தையும் கிள்ளிவிடக்கூடாது என்பதற்காக. அப்போஸ்தலர் 2:1-இல் பெந்தெகொஸ்தே நாள் “வந்தபோது” என்று நாம் வாசிக்கும் இடத்தில், கிரேக்கச் சொல்லுக்கு ‘நிறைவாகிக்கொண்டிருந்தபோது’ என்று பொருள். ஆகவே அந்தச் சனிக்கிழமை மாலையில் முந்திக்கொள்ளாதீர்கள். இருட்டட்டும். பிறகு எழுந்து நின்று, எண் எதுவும் சொல்லாமல், 67-ஆம் சங்கீதத்தைச் சொல்லி, அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தை உரக்க வாசியுங்கள்.